ஒன்றாம் தேதி ஊற்றிக் கொடுத்தது

டீயைக் கொதிக்க வைக்கிறார்களாம்! கேரளத்து மலையில், காந்தலூருக்கு மேலே நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற விடுதியிலிருந்து, இப்போது அங்கே பாரைப் பார்த்துக்கொள்பவர் போன வாரம் போன் பண்ணினார். "அண்ணே, உங்க ஐட்டம் கிளாஸ்ல ஊத்தினதும் கலங்கிப் போகுதே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். டீயை எப்படிப் போட்டீர் என்றேன். நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஐஸ் போட்டோம் என்றார். நான் போட்ட சத்தத்தில் என் மனைவி எஸ்தர் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "போனுக்குள்ள கைய விட்டு அடிச்சிராதிய" என்றாள். போனில் கத்தினால் ஒருவருக்குத்தான் கேட்கும். எழுதி வைத்தால் இனி வருகிற எல்லாருக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கென்று கட்டிய வரிசை வீட்டில். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர். மலைக்குக் கீழே எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது, எங்களைத் தெரிந்த மனிதர்களும் கிடையாது. தேயிலைத் தொழிற்சாலையில் இலை கொட்டுவதில் ஆரம்பித்து தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கருக்கு உதவியாளர் வரை வந்தேன். தினமும் காலையில் மேஜையில் வரிசையாகக் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலிருந்தும் கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக உறிஞ்சி, நாக்கில் சுழற்றி, துப்ப வேண்டும். அதுதான் என் வேலை. எனக்கு நாற்பத்தைந்து வயதானபோது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை போனால் லயமும் போகும், எஸ்டேட்டில் அதுதான் சட்டம்.

அந்தச் சமயத்தில்தான் இந்த விடுதி புதிதாக வந்தது. பாருக்கு ஆள் வேண்டும், ருசி பார்க்கத் தெரிந்திருந்தால் நல்லது என்றார்கள். போய் நின்றேன். பார் மேனேஜர் செந்திலுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்தில் மாடு கன்று, தோட்டம் துரவு உள்ள குடும்பம். கேட்டரிங் படித்துவிட்டுப் பெரிய ஓட்டல்களில் பார் பார்த்தவர்.

"குடிப்பீங்களாண்ணா?" என்றார்.

"சர்ச்சுல திடப்படுத்தல் சடங்கு எடுத்த நாள்லேர்ந்து ஒரு சொட்டு உள்ள எறங்கினதில்ல சார்."

"குடிக்காதவருக்குப் பார்ல என்னங்ண்ணா வேலை?"

"தேயிலையில இருபது வருசம் டீயைத் துப்பித்தான் சம்பளம் வாங்கினேன். இங்க இதத் துப்புதேன், அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் சோதனைக் காலம், அதுவரை நான் மட்டும் விடுதியில் தங்கிக்கொள்ளலாம். தேறினால் வேலை நிரந்தரம், விடுதிக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்க ஒரு குவார்ட்டர்ஸ். தேறாவிட்டால் லயத்தைக் காலி செய்துவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். அப்போது எஸ்டேட்காரர்கள் ஜூலை முடியும் வரைதான் எங்களுக்குத் தவணை கொடுத்திருந்தார்கள்.

பாட்டில் பாடம் சுருக்கமானது. எதைப் புளிக்க வைத்தாலும் அதில் போதை உண்டாகும். அதைச் சூடாக்கினால், தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே போதை ஆவியாகிவிடும். அந்த ஆவியைக் குளிர வைத்துப் பிடிப்பதுதான் வடிப்பது. முதலில் வருவதும் கடைசியில் வருவதும் ஆகாது, நடுவில் வருவதைத்தான் எடுக்க வேண்டும். திராட்சையிலிருந்து வந்தால் பிராந்தி, தானியத்திலிருந்து வந்தால் விஸ்கி, கரும்பிலிருந்து வந்தால் ரம். வாசனை எதுவும் இல்லாமல் சுத்தமாக வடித்தது ஓட்கா, அதில் ஒரு காட்டுக் காயையும் மசாலாக்களையும் போட்டு வாசம் ஏற்றினால் ஜின். மரப்பீப்பாயில் கிடந்தால்தான் நிறம் வரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு செந்தில், "ஆனா நம்மூர்ப் பாட்டில்ல பாதிக்கு மேல கரும்புக் கழிவுப்பாகுல வடிச்சதுதானுங்ண்ணா. மேல ஒட்டியிருக்கற பேருதான் வேற வேற" என்று முடித்தார்.

ருசி பார்ப்பதில்தான் என் மானம் போனது. முதல் நாள் ரம்மை ஊற்றிக் கொடுத்தார். எனக்கா தெரியாது என்று கரண்டியை எடுத்து, டீக்கு உறிஞ்சுகிற மாதிரி ஓங்கி ஓர் உறிஞ்சு உறிஞ்சினேன். அது நேராக மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் தண்ணீர் கொட்டியது. "ஆண்டவரே!" என்று நான் போட்ட கூச்சலில் சமையல்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். செந்தில் நிதானமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "இது டீ இல்லீங்ண்ணா. சரிபாதி தண்ணி ஊத்துங்க. வாயைக் கொஞ்சம் தொறந்து வெச்சுட்டு மொதல்ல மூக்குல பாருங்க. அப்பறம் நாக்குல தொடுங்க, போதும்."

அவருடைய குணத்தைச் சொல்ல வேண்டும். சத்தம் போட மாட்டார், பாராட்டவும் மாட்டார். நான் கலந்து வைத்ததை ஒரு வாய் பார்ப்பார். பிறகு கிளாஸை ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளுவார். "இன்னொருக்கா போடுங்ண்ணா." அவ்வளவுதான். எது தப்பு என்று சொல்லவே மாட்டார். எனக்கு அந்த விரலைக் கடித்துத் துப்பிவிடலாமா என்று வரும். தொழிற்சாலையில் டீமேக்கர் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசுவார், ஏசி முடிந்தால் மறந்துவிடுவார். இந்த அமைதி எனக்குப் புதிது.

காக்டெயிலுக்கு அவர் சொன்ன கணக்கு ஒன்றுதான். "சரக்குங்கறது பந்தல் காலுங்ண்ணா. இனிப்பும் புளிப்பும் கொடி. கொடி கால் மேல ஏறோணும், காலை மூடிப்போடக் கூடாது." இரண்டு பங்கு சரக்கு, முக்கால் பங்கு புளிப்பு, முக்கால் பங்கு இனிப்பு. பழச்சாறு இருந்தால் ஐஸ் போட்டுக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் கலக்கினால் போதும். ஐஸ் பெரிய கட்டியாக, ஈரம் வழியாமல் இருக்க வேண்டும். அளவுக் கிண்ணம் இல்லாமல் ஒருபோதும் கண் மதிப்பில் ஊற்றக் கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தும் பல நாள் என் கிளாஸ் மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. நீர்த்துப்போய், வெதுவெதுவென்று இருந்தது. ஒரு நாள் செந்தில் என் பின்னால் வந்து நின்று பார்த்தார். நான் கிளாஸ்களில் வெந்நீர் ஊற்றி அலசிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்! டீ ருசி பார்க்கும் அறையில் கோப்பையைச் சூடு பண்ணாமல் டீ ஊற்றுகிறவனைச் செருப்பாலடிப்பார்கள். இருபது வருசப் பழக்கம், கை தானாகவே செய்துகொண்டிருந்தது. செந்தில் பெரிய ஃப்ரீசரைத் திறந்து கிளாஸ்களை உள்ளே அடுக்கிவிட்டுப் போய்விட்டார்.

இப்படியே ஆறாவது மாதம் வந்தது. விடுதி முதலாளி இருப்பது பெங்களூரில். கொச்சியில் வேறொரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார், வயது குறைவு, கை வேகம் என்று காதில் விழுந்தது. செந்திலிடம் கேட்டேன். "பார்ட்டி முடியட்டுங்ண்ணா, அப்பறம் பேசலாம்னு சொல்லியிருக்காருங்க" என்றார். கோயம்புத்தூர் மில்காரர் ஒருவருக்கு எங்கள் விடுதியில் அறுபதாம் கல்யாணம். காலையில் சடங்கு, சாயங்காலம் சினேகிதர்களுக்குக் காக்டெயில் பார்ட்டி. முதலாளிக்கு மிகவும் வேண்டியவர். அந்த வாரம் நான் லயத்துக்குப் போயிருந்தபோது எஸ்தர் பாத்திரங்களைச் சாக்குகளில் கட்டி வைத்திருந்தாள்.  

பார்ட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் நான் செந்திலிடம் போய், "சார், நாளைக்கு லீவுதானே, லயத்துக்குப் போயிட்டு வந்துரட்டுமா?" என்றேன்.

"நாளைக்கு ஆனி பதினேழுங்ண்ணா. பார்ட்டி. லீவு எப்படிங்க தரது?"

"ஆனி கீனியெல்லாம் எனக்குத் தெரியாது சார். நாளைக்கு ஒண்ணாந்தேதில்லா!"

செந்தில் முகம் வெளிறிப் போனது. கேரளத்தில் மாதத்தின் முதல் தேதி மது விற்கக் கூடாது. பார் வேலைக்காரனுக்கு மாதத்தில் நிச்சயமான ஒரே லீவு அதுதான். ஆனால் அறுபதாம் கல்யாணத்தை ஜென்ம நட்சத்திரம் பார்த்து வைக்கிறார்கள். மில்காரர் குடும்பம் 'ஆனி பதினேழு' என்று சொல்லியிருக்கிறது. செந்திலும் பஞ்சாங்கம் பார்த்து நாற்று நடுகிற வீட்டுப் பிள்ளை, பலகையில் அப்படியே எழுதிவிட்டார். அது ஜூலை ஒன்று என்று எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, தமிழ் மாதக் கணக்கு தெரியாத எனக்குப் பார்ட்டி நாளைக்குத்தான் என்பதே தெரியவில்லை. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஒன்றாம் தேதிச் சட்டமே தெரியாது.

செந்தில் உடனே முதலாளிக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் திட்டு. அப்புறம் ஒரு யோசனை. "டீ கெட்டில்ல ஊத்திக் குடு. வெளியிலிருந்து பாத்தா டீதான். யாருக்குத் தெரியப்போகுது?"

செந்தில் போனை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஊற்றி மாட்டிக்கொண்டால் லைசென்ஸ் போகும், முதல் ஆளாகக் கைதாவது அவர்தான். ஊற்றாவிட்டால் அவருக்கும் வேலை இருக்காது, எனக்கும் இருக்காது. "எங்கைய்யன் காதுக்குப் போச்சுன்னா தலை நிமிர்ந்து ஊட்டுக்குப் போக முடியாதுங்ண்ணா" என்றார். ஆறு மாதமாக அந்த விரலைக் கடிக்க நினைத்தவன் நான். ஆனாலும் அந்தப் பிள்ளை அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"சார், அவரு கெட்டில்ல சரக்க ஊத்தச் சொல்லுதாரு. நாம சரக்குக் கிளாஸ்ல டீய ஊத்துவோம்."

"வெளையாடாதீங்ண்ணா."

"வெளையாடல. பந்தல் காலுதான வேணும்? டீயிலயும் கால் இருக்கு. இருபது வருசம் நாக்கில வச்சிப் பாத்தவன் சொல்லுதேன்."

 அவர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார்.

முதலில் நல்ல தூளாக எடுத்துக் கொதிக்கும் நீரில் கறுக்கக் கறுக்கப் போட்டு, குளிர வைத்தேன். குளிரக் குளிர அது பால் கலந்த மாதிரி கலங்கியது. எனக்குப் பரம சந்தோஷம். திடமான டீ ஆறும்போது அப்படிக் கலங்கினால் அது உயர்ந்த சரக்கு என்று அர்த்தம், எங்கள் தொழிலில் அதைப் பார்த்து விலை கூட்டுவார்கள். "பாத்தியளா சார், எப்படிக் கலங்குது!" என்று தூக்கிக் காட்டினேன். செந்தில் எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கூட்டு எருமைக்கு வெக்கற கழனித்தண்ணி இப்படித்தானுங் இருக்கும்" என்றார். அவர் வாயிலிருந்து இத்தனை மாதத்தில் வந்த முதல் கிண்டல் அது.

சரி, சூடு கூடாது. பெரிய இலை டீயைப் பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, ஃப்ரீசரில் வைக்காமல் சும்மா குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனோம். காலையில் வடிகட்டினால் கண்ணாடி மாதிரி தெளிவு, நிறம் அசல் விஸ்கி. ஆனால் வாயில் வைத்தால் சாதுவாக இருந்தது. சூடு படாத டீயில் துவர்ப்பு பாதிதான் இறங்கும். சரக்கு தொண்டையில் இறங்கும்போது ஓர் எரிச்சல் இருக்கிறதே, அது இல்லாவிட்டால் வந்திருப்பவர்கள் பழச்சாறு என்று சொல்லிவிடுவார்கள்.

செந்தில்தான் மிளகு என்றார். நான் சுக்கு என்றேன். இரண்டும் கிராம்பும் தட்டி, மறையூர் வெல்லப் பாகில் போட்டுக் காய்ச்சி வடித்தோம். புளிப்புக்கு எலுமிச்சை வேண்டாம், அது டீயை வெளுக்க வைத்துவிடும். காந்தலூரில் அப்போது பிளம்ஸ் சீசன். முழுக்கப் பழுக்காத, பல் கூசுகிற பழமாகப் பொறுக்கி நசுக்கினேன். இரண்டு பங்கு டீ, முக்கால் பங்கு பிளம்ஸ், முக்கால் பங்கு பாகு, ஒரு கிள்ளு உப்பு. ஐஸ் போட்டுக் குலுக்கினேன். விரல் வந்தது, கிளாஸ் திரும்பியது. பாகைக் குறைத்தேன், திரும்பியது. மிளகைக் கூட்டினேன், அதுவும் திரும்பியது. அறுபதாம் கல்யாண நாதஸ்வரம் வெளியே கேட்டுக்கொண்டிருக்கிறது, நாங்கள் உள்ளே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். கடைசியில் பாதிப் பங்கு பாகுக்கு வந்து, ஏலக்காய்த் தோலை மட்டும் டீயில் ஊற வைத்துப் போட்டேன். செந்தில் ஒரு வாய் பார்த்தார். விரலால் தள்ளவில்லை. இன்னொரு வாய் பார்த்தார்.

"இது நிக்குதுங்ண்ணா" என்றார்.

ஆண்டவரே, அந்த ஒரு வார்த்தைக்கு நான் பட்ட பாடு!

சாயங்காலம் புல்வெளியில் எல்லாரும் கூடினார்கள். செந்தில் மறைக்கவில்லை. நேராக மில்காரரிடம் போய், "ஐயா, இன்னைக்குக் கேரளாவுல ஒண்ணாந்தேதி, சரக்கு ஊத்தக் கூடாதுங்க. தேதி பாக்காம விட்டது என்ற தப்புங்க. எங்க ஞானமுத்தண்ணன் ஒண்ணு செஞ்சிருக்காரு. ஒருவாய் குடிச்சுப் பாத்துட்டு அப்பறம் திட்டுங்க" என்றார். அவருக்குப் பக்கத்தில் நின்ற சினேகிதர் ஒருவர் துள்ளினார். "ஏனுங்க, கோயமுத்தூர்ல இருந்து இத்தன மலை ஏறி வந்தது டீ குடிக்கறதுக்குங்களா?"

மில்காரர் என்னைப் பார்த்து, "ஊத்துங்க பாப்பம்" என்றார்.

ஃப்ரீசரிலிருந்து கிளாஸை எடுத்தேன். வெளியில் பனி படிந்து வெள்ளையாக இருந்தது. குலுக்கி ஊற்றினேன்.  அவர் குடித்தார். கொஞ்சம் பொறுத்து, தொண்டையில் மிளகு ஏறியதும், "அட!" என்றார். துள்ளிய சினேகிதர் அவர் கையிலிருந்து பிடுங்கிக் குடித்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லீங்களா? நெசமாவா?" என்று மூன்று தரம் கேட்டார். அப்புறம் எனக்கு மூச்சு விட நேரமில்லை. மற்ற பார்ட்டிகளில் ஆண்கள் ஒரு பக்கம் கிளாஸோடு நிற்பார்கள், பெண்கள் வேறு பக்கம் ஜூஸோடு உட்கார்ந்திருப்பார்கள். அன்று எல்லார் கையிலும் ஒரே கிளாஸ், எல்லாரும் ஒரே இடத்தில். மில்காரர் மனைவி கணவர் கிளாஸிலிருந்தே ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் வந்தார். "கல்யாணமாகி இத்தன வருசத்துல இவரு சாயங்காலம் புடிக்கற கிளாஸ்ல நான் வாய் வெக்கறது இதுதானுங்க மொதல்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அப்போதுதான் எக்சைஸ் ஜீப் வந்து நின்றது.

ஒன்றாம் தேதி யாராவது மது விற்கிறார்களா என்று பார் உள்ள இடங்களில் வந்து பார்ப்பது அந்த இலாகாவின் வழக்கம். இறங்கிய அதிகாரி புல்வெளியைப் பார்த்தார். உயரமான கிளாஸ்கள், விஸ்கி நிறம், ஒரே சிரிப்பு. விறுவிறுவென்று என்னிடம் வந்தார்.

"எந்தா இது?"

"டீ சார்."

"டீ குடிச்சிட்டு ஆரும் இங்ஙனெ சிரிக்கில்ல சேட்டா. சத்யம் பறயணும்."

பாரின் பூட்டைப் பார்த்தார், பூட்டு பூட்டியபடி இருந்தது. ஸ்டாக் அறையைத் திறக்கச் சொல்லிப் பாட்டில்களைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார், பிளம்ஸ் கொட்டையும் டீத்தூளும்தான் விழுந்தன. திரும்பி வந்து என் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.  நான் அதிகாரியின் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் காட்டிக்காட்டி ஊற்றி, குலுக்கி, நீட்டினேன். மோந்து பார்த்தார். ஒரு மடக்கு குடித்தார். முழுதும் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஒரெண்ணம் கூடி" என்றார். அந்த இரண்டாவதையும் குடித்துவிட்டு, டிரைவருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஜீப்பில் ஏறிப் போனார். செந்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.

மறுநாள் இரண்டாம் தேதி, பார் திறந்தோம். எல்லாப் பாட்டிலும் இருக்கிறது, கோயம்புத்தூர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஒருவர்கூடப் பாட்டில் பக்கம் வரவில்லை, நேற்றையதைத்தான் கேட்டார்கள். முதலாளி போனில் முதலில் வியாபாரம் போச்சே என்று புலம்பினார். மில்காரர் இன்னொரு போனில் அவரிடம் என்ன சொன்னாரோ, அரை மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டு, "அந்த ஆளைக் கீழ அனுப்பிடாதே" என்றார். செந்தில் குவார்ட்டர்ஸ் சாவியை என் சட்டைப் பையில் போட்டு, "ஓடுங்ண்ணா, அக்காகிட்டச் சொல்லுங்க" என்றார்.

ஜீப் பிடித்து லயத்துக்குப் போனேன். எங்கள் லயம் ரோட்டோரம். முந்தின நாள் எக்சைஸ் ஜீப் மேலே ஏறியதை லயமே பார்த்திருக்கிறது. ஞானமுத்துவைப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று ஒரே பேச்சாம். வாசலிலிருந்தே கத்தினேன், "எஸ்தர், சாக்கைப் பிரி! நாம கீழ போகல!"

உள்ளே போனால் சாக்குகள் காலியாக மடித்துக் கிடந்தன. பாத்திரங்களெல்லாம் அடுக்கில் பழைய இடத்தில் இருந்தன.

"நேத்தே பிரிச்சிட்டேன்" என்றாள்.

"நேத்தா? நேத்து எனக்கே ஒண்ணும் தெரியாதே! ஜீப்பு ஏறுனதப் பாத்தில்லா?"

"பாத்தேன். அதப் பாத்துட்டுத்தான் பிரிச்சேன்." அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே சொன்னாள். "உங்கள ஜெயில்ல போட்டாலும் தேவிகுளத்துலதான போடுவாவ? அதுவும் இந்த மலைதான? பொறவு நான் என்னத்துக்குக் கீழ எறங்கணும்?"